அடக்கப் பதிவேடும் தேவ ஒழுங்கும்: ஜெர்மானியர் நடுவே வறுமையும் ஆயுளும்

அடக்க ஆராதனை முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிய பின் போதகர் செய்யும் கடைசி வேலை, அடக்கப் பதிவேட்டில் ஒரு வரி எழுதிக் கையொப்பமிடுவதாகும். பெயர், வயது, மரித்த நாள், அடக்கம் செய்த நாள். நம் இறையியல் மாணவர்களில் பலர் இதனை ஊழியத்தோடு சேராத எழுத்தர் வேலையாகவே எண்ணுகின்றனர். ஆனால் மனிதரின் ஆயுளையும் நோயையும் வறுமையையும் எண்ணிக் கணக்கிட்டு ஆராயும் இயல், ஜெர்மானிய நாடுகளில் இப்பதிவேட்டின் பக்கங்களிலிருந்தே, அதுவும் போதகர்களின் கையால் தோன்றியது. அவர்கள் எண்ணியது என்ன, எண்ணியதில் தேவனுடைய செயலாக எதைக் கண்டனர், எங்கே தவறினர் என்பவற்றை இக்கட்டுரையில் நோக்குவோம். கல்லறை அருகே நின்று, "கர்த்தருக்குச் சித்தமானது இது" என்று சொல்லும் பொறுப்பு நம்முடையதாயிருப்பதால், இது நமக்கு அயல்நாட்டு வரலாறு மாத்திரமன்று.

சீலேசியாவின் தலைநகராயிருந்த பிரெஸ்லாவில் (இன்று அது போலந்தின் விராட்ஸ்லாவ்) காஸ்பர் நொய்மன் என்னும் லுத்தரன் போதகர் ஊழியம் செய்தார். பாமாலைகளும் ஜெபநூலும் இயற்றியவர். மனிதருக்கு ஏழின் மடங்காகவும் ஒன்பதின் மடங்காகவும் வரும் வயதுகள், சிறப்பாக 49உம் 63உம், ஆபத்தானவை என்றும், சந்திரனின் வளர்பிறை தேய்பிறைக்கு ஏற்ப மரணம் வருகிறதென்றும் அந்நாளில் மக்கள் நம்பினர். நொய்மன் இதற்கு எதிராகப் பிரசங்கம் செய்வதோடு நிற்கவில்லை. நகரத்தின் பதிவேடுகளை விரித்து எண்ணினார். அவ்வயதுகளில் மற்ற வயதுகளைவிட அதிகமானோர் மரிக்கவில்லை என்று கண்டார். 1687 முதல் 1691 வரையிலான அவருடைய கணக்குகள் இங்கிலாந்தின் ராயல் சொசைட்டியைச் சென்றடைந்தன. வால்மீன் ஒன்றுக்குத் தம் பெயரைத் தந்த எட்மண்ட் ஹாலி அவற்றைக்கொண்டு 1693இல் ஓர் ஆயுள் அட்டவணையை வெளியிட்டார். இன்றைய ஆயுள் காப்பீட்டுக் கணக்குகளின் முன்னோடிகளில் அது ஒன்று. மூடநம்பிக்கையினின்று சபையை விடுவிக்க ஒரு போதகர் செய்த வேலை இவ்வாறு வேறொரு பயனையும் தந்தது.

நொய்மனைப் பின்பற்றி, ஆனால் அவரினும் பெரிய நோக்கத்தோடு எண்ணியவர் யோகான் பீட்டர் சூஸ்மில்க். பிரஷ்யப் படையில் குருவாகப் பணியாற்றிப் பின்னர் பெர்லினில் ஆலயப் பொறுப்பேற்றவர். 1741இல் அவர் வெளியிட்ட நூலின் பெயரே 'தேவ ஒழுங்கு' என்று தொடங்குகிறது. எந்த ஊர்ப் பதிவேட்டைப் பார்த்தாலும் பெண்குழந்தைகளைவிட ஆண்குழந்தைகள் சற்றே அதிகமாகப் பிறக்கின்றனர். ஆனால் ஆண்பிள்ளைகள் இளமையில் அதிகமாய் மரிப்பதால் மணவயதில் இருபாலாரும் ஏறக்குறைய சமமாகின்றனர். தனித்தனியே பார்த்தால் தற்செயலாகத் தோன்றும் பிறப்பும் இறப்பும், ஆயிரக்கணக்கில் சேர்த்துப் பார்க்கையில் ஒழுங்காக அமைவதில் அவர் சிருஷ்டிகரின் கரத்தைக் கண்டார். இதனை எளிதாக நகைத்துத் தள்ளிவிட நாம் விரும்பவில்லை. படைப்பில் ஒழுங்கு உண்டு என்னும் விசுவாசமின்றி அவர் எண்ணத் தொடங்கியிருக்கவே மாட்டார். மேலும், சிற்றூர்களைவிட நகரங்களில் மரணம் மிகுதி என்பதையும் அவர் கண்டார். மக்கள் மணமுடித்துப் பெருகுவதற்குத் தடையாயிருப்பவற்றை நீக்குவது ஆளுவோரின் கடமை என்றும் எழுதினார்.

ஆயினும் அவருடைய நூலில் ஓர் இடர் மறைந்திருக்கிறது. எண்களில் காணப்படும் ஒழுங்கு யாவும் தேவ ஒழுங்கே என்று கொண்டால், ஏழைகளின் பிள்ளைகள் செல்வரின் பிள்ளைகளைவிட அதிகமாய் மரிப்பதும் ஆண்டுதோறும் ஒழுங்காகவே நிகழ்கிறது. அதனையும் தேவன் நியமித்தார் என்று சொல்வதா?

இக்கேள்விக்கு நூறு ஆண்டுகளுக்குப் பின் சீலேசியாவிலிருந்தே, போதகரல்லாத ஒருவர் விடையளித்தார். 1847-48இல் அம்மாகாணத்தின் தென்பகுதியான மேல் சீலேசியாவில் பஞ்சத்தோடு டைபஸ் என்னும் கொள்ளைக் காய்ச்சலும் பரவியது. போலிஷ் மொழி பேசிய, வறிய கத்தோலிக்க உழவர்களும் நெசவாளர்களும் பெருந்தொகையாய் மாண்டனர். பிரஷ்ய அரசு, ருடால்ஃப் விர்ஹோ என்னும் 26 வயது மருத்துவரை அங்கே அனுப்பிற்று. மூன்று வாரமளவில் சுற்றிப் பார்த்துத் திரும்பிய அவர் எழுதிய அறிக்கை மருந்துகளைப் பற்றியதாயிருக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தனர். நோய்க்குக் காரணம் பசியும், நெருக்கமான குடிசைகளும், கல்வியின்மையும், நிலவுடைமையாளரின் சுரண்டலும், மக்களின் மொழியையே அறியாத ஆட்சியுமே என்று அவர் எழுதினார். முழுமையான மக்களாட்சி, தாய்மொழியில் கல்வி, வரிச்சுமையை ஏழைகளின் தோளிலிருந்து மாற்றுதல், சாலைகள் ஆகியவையே அவர் எழுதித்தந்த மருந்துச்சீட்டு. மக்களை அறியாமையிலும் கீழ்ப்படிதலிலும் வைத்திருந்ததாகத் திருச்சபைக் குருமாரையும் அவர் வன்மையாய்ச் சாடினார். அவர் சாடியது ரோமச் சபையை. எனினும் அச்சாடலை நாம் அடுத்த வீட்டுக்காரருக்குத் தள்ளிவிட இயலாது.

ஏனெனில் அதே 1848இல் நம்மவரான யோகான் ஹின்ரிக் விக்கெர்னும் மேல் சீலேசியாவுக்குச் சென்றார். ஹம்பர்க்கில் 1833இல் கைவிடப்பட்ட பிள்ளைகளுக்கென இல்லம் தொடங்கியவர் அவர். கொள்ளைநோயால் அநாதைகளானோரைப் பேண உடன் ஊழியரை ஏற்படுத்தினார். அவ்வாண்டு செப்டம்பரில் விட்டன்பர்க்கில் கூடிய சுவிசேஷ சபைகளின் மாநாட்டில் அவர் ஆற்றிய உரையிலிருந்து உள்நாட்டு மிஷன் இயக்கம் ஜெர்மனி முழுவதும் வளர்ந்தது. அநாதைப் பிள்ளையைக் கையிலெடுத்தவர் விக்கெர்ன். அவன் ஏன் அநாதையானான் என்று கேட்டவர் விர்ஹோ. விக்கெர்ன் துயரத்தின் வேரைப் பெரும்பாலும் அவிசுவாசத்திலும் குடும்பச் சீர்குலைவிலும் கண்டார். இருவரும் ஒரே மாகாணத்தின் துயரத்தைக் கண்டவர்கள். அவ்விரு பார்வைகளும் ஒன்றுசேராமற்போனது ஜெர்மானியத் திருச்சபைக்கு நேர்ந்த பெருநஷ்டம் என்பது நம் கருத்து.

1883இல் நோய்க்காப்பீடும், 1884இல் விபத்துக்காப்பீடும், 1889இல் முதியோர், இயலாதோர் காப்பீடும் பிஸ்மார்க்கின் ஆட்சியில் சட்டமாயின. தொழிலாளரை அரசியல் எழுச்சியிலிருந்து விலக்கிவைக்கும் நோக்கமும் அதில் இருந்தது. இதனை நம் வாசகர் அறிவர்.

அதிகம் அறியப்படாதது ஓர் இளம் இறையியலாளரின் செயல். பால் கோரே என்பவர் 1890இல் இறையியல் படிப்பை முடித்தபின், தொழிலாளியின் உடையணிந்து கெம்னிட்ஸ் நகரின் இயந்திர ஆலையொன்றில் தம்மை வெளிப்படுத்தாமல் மூன்று மாதம் வேலை செய்தார். உடன் உண்டு, உடன் உழைத்து, தொழிலாளர் வீடும் கூலியும் எத்தகையன, சபையைப்பற்றி அவர்கள் எண்ணுவது என்ன என்பவற்றை 1891இல் நூலாக எழுதினார். அவ்வாண்டுகளில் கிழக்கு ஜெர்மனியின் பண்ணைக் கூலிகளைப் பற்றி அறிஞர் சங்கம் ஒன்று ஆய்வு நடத்தி, வினாத்தாள்களை நில உடைமையாளருக்கு மாத்திரம் அனுப்பியிருந்தது. கூலிகளைப் பற்றி எசமானரைக் கேட்டறியும் முறை அது. அவ்வாய்வில் பங்கு கொண்ட மாக்ஸ் வேபர் இக்குறையை உணர்ந்திருந்தார். 1892இன் முடிவில் சுவிசேஷ சமூக மாநாட்டின் சார்பில் கோரேயும் வேபரும் புதியதொரு வினாத்தாளைத் தயாரித்து ஏறத்தாழ 15,000 சுவிசேஷப் போதகர்களுக்கு அனுப்பினர். எசமானனின் மாளிகைக்கும் கூலியின் குடிசைக்கும் செல்லக்கூடியவர் போதகர் ஒருவரே என்பது அவர்களின் எதிர்பார்ப்பு. வந்த பதில்கள் 1,000 அளவே. எழுதாதவர்கள் ஏன் எழுதவில்லை என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. ஆனால் ஞாயிறுதோறும் முதல் வரிசையில் அமருபவர் பண்ணையாராயிருக்கும் சபையை நடத்தியவர்கள் அதனை ஊகித்துக்கொள்வர். கோரே 1900இல் சமூக ஜனநாயகக் கட்சியில் சேர்ந்தார். குருத்துவ ஊழியத்தில் அவர் நிலைக்கவில்லை.

இனி நாம் சொல்லப்போவது இவ்வரலாற்றின் இருண்ட பகுதி. தாவீது ஜனத்தை எண்ணியது ஏன் பாவமாயிற்று என்று 2 சாமுவேல் 24ஆம் அதிகாரத்தைக் கற்பிக்கையில் மாணவர் கேட்பதுண்டு. 1933 ஏப்ரலில் இட்லரின் அரசு பிறப்பித்த அரசு ஊழியர் சட்டத்தை அடுத்து, தம் பாட்டன் பாட்டியர் யூதரல்லர் என்று காட்ட வேண்டியவர்கள் குருமனைகளின் வாசலில் வரிசையாய் நின்றனர். சான்று அங்கேதான் இருந்தது. பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பார்த்துப் போதகர்கள் எழுதிக் கொடுத்தனர். மறுத்தவர் மிகச் சிலரே. பெர்லினில் 1936இன் இறுதியில் சபையே ஒரு போதகரின் பொறுப்பில் அலுவலகம் அமைத்து, நகரத்துப் பதிவேடுகளை ஒன்றுசேர்த்து, யூத மார்க்கத்திலிருந்து வந்து ஞானஸ்நானம் பெற்றோரின் பெயர்களைத் தனியே பிரித்தெடுத்தது. நொய்மன் மக்களைப் பயத்தினின்று விடுவிக்கத் திறந்த அதே வகைப் புத்தகம், கிறிஸ்துவுக்குள் சகோதரரானவரைக் காட்டிக்கொடுக்கத் திறக்கப்பட்டது.

நோயாளரையும் ஊனமுற்றோரையும் அரசு கொன்ற நாட்களிலோ, எண்ணுதல் மறுபடியும் சாட்சியாயிற்று. 1940இன் தொடக்கத்திலிருந்து 1941 ஆகஸ்டு வரை, மனநல இல்லங்களிலிருந்து வண்டிகளில் ஏற்றிச் செல்லப்பட்டு நச்சுவாயுவால் கொல்லப்பட்டோர் 70,000க்கு மேற்பட்டவர். குடும்பத்தாருக்கு வந்தவை பொய்க் காரணம் எழுதிய கடிதமும், சாம்பல் வைத்த தாழியுமே. பெர்லினுக்கு அருகே லோபெத்தாலில் இல்லங்களை நடத்திய பவுல் கெர்ஹார்ட் பிரவுனே என்னும் போதகர், கடிதங்களையும் இடமாற்றப் பட்டியல்களையும் சேகரித்தார். தாழிகளில் பொறித்திருந்த வரிசை எண்களை ஒப்பிட்டு, இத்தனை நாட்களில் இத்தனை பேர் மரித்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டார். 1940 ஜூலையில் அதனை அரசிடம் அளித்தார். அடுத்த மாதமே கைதுசெய்யப்பட்டார். உயிரோடிருப்போரைப் பட்டியலிட்டு ஒப்புக்கொடுப்பதும், மறைக்கப்பட்ட மரித்தோரை எண்ணி வெளிப்படுத்துவதும் ஒரே கணிதம்தான்.

போருக்குப் பின் செழித்த மேற்கு ஜெர்மனியில் வறுமை ஒழிந்துவிட்டது என்று பலர் எண்ணினர். ஆனால் ஏழையின் ஆயுளைச் செல்வனின் ஆயுளோடு ஒப்பிட அரசிடம் வழியில்லை. பிரஷ்யாவில் 1874 முதலும், பேரரசு முழுவதிலும் 1876 முதலும் பிறப்பு இறப்புப் பதிவு போதகரிடமிருந்து அரசுக்குச் சென்றுவிட்டது. அரசின் மரணக் கணக்கிலோ மரித்தவரின் வருமானம் காணப்படுவதில்லை. இக்குறையை நிரப்ப உதவியது 1984இல் தொடங்கிய சமூகப் பொருளாதாரத் தொடராய்வு. பெர்லினிலுள்ள ஜெர்மன் பொருளாதார ஆராய்ச்சி நிறுவனம் அதனை நடத்துகிறது. 6,000 அளவான குடும்பங்களில் 12,000க்கு மேற்பட்டோரோடு தொடங்கிய அது, துருக்கி, கிரீஸ், யூகோஸ்லாவியா, இத்தாலி, ஸ்பெயின் நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்களை முதலிலிருந்தே தனிக் கவனத்தோடு சேர்த்துக்கொண்டது. 1990 ஜூனில், இரு ஜெர்மனிகளின் நாணயமும் ஒன்றாவதற்குச் சில நாட்கள் முன்னரே, கிழக்கு ஜெர்மானியரின் வீடுகளுக்குள்ளும் சென்றது. இன்று ஆண்டுதோறும் 30,000 அளவானோர் விடை அளிக்கின்றனர்.

இதன் சிறப்பு எண்ணிக்கையில் இல்லை. அதே வீட்டுக்கு ஆண்டுதோறும் திரும்பிச் செல்வதில் உள்ளது. ஒருமுறை மட்டும் கேட்டால், ஏழைகள் நோயுற்றிருக்கின்றனர் என்று அறியலாம். வறுமை முந்தியதா நோய் முந்தியதா என்று அறிய முடியாது. மீண்டும் மீண்டும் செல்பவருக்கு, சென்ற ஆண்டு விடையளித்தவர் இவ்வாண்டு வேலையிழந்திருப்பதும், மறு ஆண்டு நோயுற்றிருப்பதும், பிறிதோர் ஆண்டு மரித்திருப்பதும் தெரியவருகின்றன. நல்ல போதகரின் வீடுசந்திப்பும் இப்படிப்பட்டதே என்று இடையில் சொல்லிக்கொள்கிறோம்.

வறுமையை எவ்வாறு அளக்கின்றனர்? நாட்டிலுள்ளோர் அனைவரையும் வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் வருமானம் எதுவோ, அதில் 60 விழுக்காட்டுக்கும் குறைவாகப் பெறுபவர் வறுமையின் அபாயத்தில் இருப்பவராகக் கருதப்படுகிறார். குடும்பத்தில் முதல் பெரியவருக்கு 1, 14 வயதும் அதற்கு மேலும் உள்ள மற்றவருக்கு 0.5, சிறுபிள்ளைக்கு 0.3 என்று பங்கு வைத்து வருமானத்தை வகுப்பர். இது பட்டினியின் அளவுகோலன்று. அச்சமுதாயத்தின் பொதுவாழ்வில் பங்குபெற முடியாமையின் அளவுகோல்.

இவ்வாறு 1992 முதல் 2016 வரை சேர்ந்த தகவல்களை ராபர்ட் கோக் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஆராய்ந்து 2019இல் வெளியிட்டனர். வறுமைக்கோட்டுக்குக் கீழிருக்கும் ஆண், நடு வருமானத்தைப்போல் ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ பெறும் ஆணைவிட 8.6 ஆண்டுகள் குறைவாக வாழ்கிறான். பெண்களிடையே இடைவெளி 4.4 ஆண்டுகள். நோய்க்காப்பீடு 1883இலேயே பிறந்த நாட்டின் நிலை இது. மருத்துவரிடம் செல்ல முடியாமை மட்டுமே காரணமாயின் இவ்விடைவெளி இவ்வளவாயிராது. உடலை நைக்கும் வேலை, நெருக்கடியான வீடு, புகைப்பழக்கம், ஓயாத கவலை, சிறுவயதிலேயே தொடங்கும் குறைகள் யாவும் சேர்ந்து ஆயுளைத் தின்கின்றன.

ஆய்வாளர் இதில் அவசரப்படுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வேலையற்றோர் நோயுற்றிருப்பதால் வேலையின்மையே நோய்க்குக் காரணம் என்று கூற விரைகிறோம். தொழிற்சாலை மூடப்பட்டதால் வேலையிழந்தவரை மட்டும் தனியே ஆராய்ந்தபோது, அவர்களுடைய உடல்நலம் அதனால் கெட்டதாகக் காணப்படவில்லை. முன்னரே நோயுற்றோர் வேலையை எளிதாக இழக்கின்றனர் என்பதே பெரும்பகுதி விளக்கமாயிற்று. பிரசங்க மேடையிலிருந்து புள்ளிவிவரம் சொல்லும் நாம் இத்தகைய பொறுமையைக் கற்றுக்கொள்ளலாம்.

உள்ளத்தின் நிலை வேறு. மொத்தத்தில் உம் வாழ்வில் எவ்வளவு திருப்தி கொண்டிருக்கிறீர் என்று 0 முதல் 10 வரையிலான அளவில் ஒவ்வோர் ஆண்டும் கேட்கின்றனர். துணையை இழந்தவரின் திருப்தி சரிந்து, முன்பிருந்த நிலையை ஏறத்தாழ அடைய எட்டு ஆண்டுகள் அளவில் ஆகிறது. முப்பதாம் நாள் ஜெபத்தோடு நம் சந்திப்பு முடிந்துவிடுகிறதே என்று இதை வாசித்தபோது வெட்கினோம். வேலையிழந்தவரின் நிலை இதனிலும் விந்தையானது: மறுபடி வேலை கிடைத்த பின்னும் பலர் பழைய நிலைக்கு முழுவதும் மீளவில்லை. 1984 முதல் 1989 வரையிலான மேற்கு ஜெர்மானிய ஆண்களைப்பற்றிய ஓர் ஆய்வு, வருமானக் குறைவால் வந்த துயரத்தைவிட வேலையிழப்பினாலேயே வந்த துயரம் பன்மடங்கு பெரிது என்று காட்டிற்று. உதவித்தொகை வயிற்றை நிரப்புகிறது. யாருக்கும் வேண்டாதவனானேன் என்னும் எண்ணத்தை நீக்குவதில்லை. கூலியை மட்டுமன்று, வேலைக்கு அழைக்கப்படுதலையும் பேசும் திராட்சத்தோட்ட உவமையை (மத்தேயு 20) இவ்வெளிச்சத்தில் மீண்டும் வாசிக்கலாம்.

காலப்போக்கில் பக்தியில் வளர்ந்தோரின் திருப்தி உயர்ந்ததாகவும், பக்தியில் குன்றியோரின் திருப்தி தாழ்ந்ததாகவும் 2010இல் இத்தொடராய்விலிருந்து ஒரு கட்டுரை வெளியாயிற்று. இதனைச் சபையின் விளம்பரப் பலகையில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். எரேமியாவை அந்த 0 முதல் 10 வரையிலான அளவில் வைத்தால் எங்கே நிற்பார்?

சூஸ்மில்கின் கேள்விக்கு இப்போது திரும்புவோம். மனித ஆயுளுக்கு எல்லை உண்டு என்று 90ஆம் சங்கீதம் அறிக்கையிடுவதை எந்த ஆய்வும் மறுக்கவில்லை. ஆனால் அந்த எல்லைக்கு முன்னரே ஏழைக்குக் குறைக்கப்படும் 8.6 ஆண்டுகள் அவ்வெல்லையைச் சேர்ந்தவையல்ல. ஜெர்மனியே இதற்குச் சான்று தருகிறது: 1990இல் கிழக்கு ஜெர்மானியரின் ஆயுள் மேற்கினரின் ஆயுளைவிட ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் குறைந்திருந்தது. மருத்துவமும் ஓய்வூதியமும் வாழ்க்கைநிலையும் மாறவே, பெண்களிடையே அவ்வேறுபாடு இருபது ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ மறைந்தது. ஆண்களிடையே குறைந்தும் முற்றும் தீரவில்லை. ஒரு தலைமுறைக்குள் மனிதரின் ஏற்பாடுகளால் மாறக்கூடியதைத் தேவன் நித்தியமாய் நியமித்ததாகச் சொல்லலாகாது. சீலோவாமின் கோபுரம் விழுந்து மாண்டவரைப் பற்றிப் பேசுகையில் (லூக்கா 13:4) நம் ஆண்டவர் அவர்களுடைய பாவத்தைக் காரணமாகக் காட்டவில்லை. அதைப் பிதாவின் திட்டமென்றும் விளக்கவில்லை. ஏசாயா 65:20இலோ, சில நாளே வாழும் பாலகனும், தன் நாட்களை நிறைவேற்றாத கிழவனும் இராத நகரத்தைக் கர்த்தர் வாக்களிக்கிறார். ஆயுள் அட்டவணையை அந்த வசனத்தின் பக்கத்தில் வைத்தே இறையியல் மாணவர் வாசிக்க வேண்டும். அகாலமாய் மரித்த ஏழையின் கல்லறையில், "கர்த்தரிடத்தில் இளைப்பாறுகிறார்" என்று சொல்ல நமக்கு அதிகாரம் உண்டு. "கர்த்தர் குறித்த நாள் வந்தது" என்று சொல்லும்முன் நாம் தயங்க வேண்டும்.

ஜெர்மானியச் சபைகள் இத்தயக்கத்தை எழுத்திலும் காட்டின. கலந்துரையாடலுக்குப் பின், 1997 பிப்ரவரியில் சுவிசேஷ சபையும் கத்தோலிக்க ஆயர் பேரவையும் சேர்ந்து, சமூகப் பொருளாதார நிலையைப் பற்றி ஒரு பொது வார்த்தையை வெளியிட்டன. வறுமையைப் போலவே செல்வமும் ஆராயப்பட வேண்டும், இரண்டையும் பற்றி ஒழுங்கான அறிக்கை வேண்டும் என்று அதில் கேட்டிருந்தனர். ஏழைகளை எண்ணுவது எளிது, செல்வர் எண்ணப்படுவதை விரும்பார் என்பதை அறிந்தவர்களின் கோரிக்கை அது. ஜெர்மன் அரசு 2001இல் தன் முதல் வறுமை, செல்வ அறிக்கையை வெளியிட்டது. அதன் பின்னும் அவ்வறிக்கைகள் தொடர்ந்து வந்துள்ளன. ஏழைக்கும் செல்வனுக்கும் இடையிலான ஆயுள் இடைவெளி 25 ஆண்டுகளில் குறையவில்லை என்பதையும் நாம் மேலே கூறிய 2019 ஆய்வே எழுதிவைத்திருக்கிறது.